புதுமணத் தம்பதியர் வீட்டுச் செலவையும் பண முடிவுகளையும் பகிர்ந்துகொள்வது எப்படி?

திருமணம் முடிந்து, மறுவீட்டு விருந்துகள் ஓய்ந்து, தனிக்குடித்தனமோ கூட்டுக்குடும்பமோ வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வரும்போதுதான் கணவன் மனைவிக்கு இடையே பணத்தைப் பற்றிய முதல் பேச்சு எழுகிறது. பல வீடுகளில் அது பேச்சாகத் தொடங்குவதில்லை. ஒரு பொருள் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு, "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்ற வருத்தமாகத்தான் தொடங்குகிறது. அந்த வருத்தம் வருவதற்கு முன்பே என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும், எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் தம்பதியரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்களிடம் மூன்று முடிவுகளைப் பற்றிக் கேட்டார்கள்: தமது மருத்துவம், வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவது, பிறந்த வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ சென்று வருவது. இந்த மூன்றில் ஒன்றிலாவது தமக்குப் பங்கு உண்டு என்று இந்திய அளவில் 88.7 சதவீதம் பேர் கூறினார்கள். கேட்க நிறைவான எண்தான். ஆனால், கடையில் முன்பணம் கட்டிவிட்டு வந்து "வாங்கலாமா?" என்று கேட்பதும் பல வீடுகளில் "சேர்ந்து முடிவெடுத்தோம்" என்ற கணக்கில்தான் சேர்கிறது. என் அளவுகோல் வேறு. முடிவை மாற்ற இன்னும் இடம் இருக்கும்போதே மற்றவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதற்குப் பிறகு சொல்வது தகவல். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பதற்காகத்தான்.

முதல் படி: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

திருமணமான முதல் இரண்டு மாதங்களுக்குள் ஒரு நாள் ஒதுக்கி, இருவரும் தத்தம் வரவையும் கடனையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எழுதினால் போதாது. கல்விக் கடன், தனிநபர் கடன், கடன் அட்டை நிலுவை, வண்டித் தவணை, மண்டபத்துக்கும் நகைக்கும் வாங்கிய கைமாற்று, ஓடிக்கொண்டிருக்கும் சீட்டு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தையும், தம்பியின் கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொறுப்புகளையும் எழுதுங்கள். இதை மறைத்தவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் மறைப்பதில்லை. சொன்னால் மரியாதை குறையும் என்ற தயக்கத்தால்தான் மறைக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி மூலம் அது தெரியவரும்போது, கடனைவிட மறைத்ததுதான் பெரிதாக வலிக்கும்.

மொய் நோட்டையும் மறக்க வேண்டாம். மொய்யாக வந்த பணத்தை வரவாக நினைத்துச் செலவழித்துவிடுகிறோம். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்தப் பொறுப்பு பெற்றோருடையதாகவே தொடர்கிறதா, உங்கள் குடித்தனத்துக்கு மாறிவிட்டதா என்பதை இரண்டு வீட்டாரிடமும் இப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பொதுச் செலவுக்கு யார் எவ்வளவு?

இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் "ஆளுக்குப் பாதி" என்பது நியாயமாகத் தோன்றும். ஒரு கணக்கைப் பாருங்கள். கணவரின் கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய், மனைவியுடையது 32,000 ரூபாய், வாடகை, மளிகை, பால், கேஸ், மின்கட்டணம் எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதியாகப் போட்டால் கணவரிடம் 23,000 ரூபாய் மிஞ்சும், மனைவியிடம் 7,000 ரூபாய்தான் மிஞ்சும். சம்பள விகிதப்படி, அதாவது மூன்றுக்கு இரண்டு என்று பிரித்தால் அவர் 30,000, இவர் 20,000 தர வேண்டும். மிச்சம் முறையே 18,000, 12,000 ரூபாய். சம்பளத்தில் பெரிய வேறுபாடு உள்ள வீட்டுக்கு விகித முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மளிகைக்கென்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கணக்குக் கேட்பதைப் பகிர்வு என்று சொல்ல முடியாது. பொதுச் செலவும் சேமிப்பும் போக மிஞ்சுவதில் இருவருக்கும் சமமான ஒரு தொகை, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத தொகை, தனித்தனியே இருக்க வேண்டும். அது மாதம் 1,500 ரூபாயாக இருந்தாலும் போதும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வீட்டில் யாருக்காவது வந்தால், அதைக் காட்டி அவருக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்காதீர்கள். அது அவருடைய பணம்.

பொதுச் செலவுக்கென்று ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குவது வசதி. விண்ணப்பத்தில் கணக்கை இயக்கும் முறையைக் கேட்பார்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம் என்ற முறை வீட்டுச் செலவுக்கு ஏற்றது. இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் வரும் என்ற முறை பெரிய சேமிப்புக்கு வேண்டுமானால் உதவும், பால்காரருக்குப் பணம் தர உதவாது. அதோடு இருவருக்கும் தனித்தனிக் கணக்கும் கட்டாயம் இருக்கட்டும். கணக்கு மனைவி பெயரில், ஏடிஎம் அட்டை கணவர் பையில், ஓடிபி வரும் எண்ணும் கணவருடையது என்ற நிலை படித்த குடும்பங்களிலும் இருக்கிறது. கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கைபேசி எண்தான் அதில் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கேட்டு வாங்க வேண்டிய எல்லை

எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால் இருவருக்கும் மூச்சு முட்டும். எதையுமே கேட்க வேண்டாம் என்றாலும் குடித்தனம் நடக்காது. ஆகவே ஒரு தொகையை எல்லையாக வையுங்கள். மாத வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. 80,000 ரூபாய் வருமானத்துக்கு 4,000 ரூபாய். அதற்குக் கீழே அவரவர் விருப்பம், அதற்கு மேலே மற்றவரைக் கேட்ட பிறகு. தொகை சிறியதாக இருந்தாலும் மாதாமாதம் தொடரும் சந்தாவும் தவணையும் இந்த எல்லைக்குள் வராது. அவற்றைக் கேட்டே தொடங்க வேண்டும். மாதம் 899 ரூபாய் என்பது ஆண்டுக்கு 10,788 ரூபாய் அல்லவா?

தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று கடைக்காரர் சொல்லும்போது என்ன செய்வது? கைபேசியில் ஒரு அழைப்பு போதும். அந்த அழைப்பில் "வேண்டாம்" என்ற பதில் வந்தால் வெறுங்கையோடு திரும்பும் மனநிலையில் இருந்தால் மட்டும் அழையுங்கள்.

நான்காம் படி: பெரிய பொருளை வாங்கும் முறை

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திருமணமான முதல் ஆண்டு, தீபாவளிக்கு என்னை மகிழ்விக்க நினைத்து என் கணவர் ஒரு பெரிய இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியை வாங்கி வந்தார். வாடகை வீட்டின் சமையலறை வாசல் குறுகலானது. பெட்டியைச் சுற்றியிருந்த அட்டையை உரித்து, சாய்த்து, கதவின் கீலைக் கழற்றிப் பார்த்தும் அது உள்ளே போகவில்லை. வேறு வழியின்றிக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அடுத்த நான்கு ஆண்டுகள், ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் தயிர்ப் பாத்திரத்துக்கும் விருந்தினர் நடுவே நடந்து போய்வந்தேன். பணம் வீணாகவில்லை, பொருளும் நல்ல பொருள்தான். ஆனால் அதை நாள்தோறும் இருபது முறை திறந்து மூடப்போகிறவரிடம் கேட்டிருந்தால், வாசலை அளந்து பார் என்று முதல் சொல்லிலேயே சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொருளை அதிகம் பயன்படுத்துபவர் எது வேண்டும் என்று சொல்வார், மற்றவர் எவ்வளவு வரை முடியும் என்று சொல்வார், கடைக்கு இருவரும் போவோம்.

விலை, கடையில் கொடுக்கும் தொகையோடு முடிவதில்லை. குளிரூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதம் பொருந்திவிடுகிறது. கோடையில் இப்போது உங்கள் வீட்டில் 400 யூனிட் ஆகிறது என்றால், குளிரூட்டி வந்தபின் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்களா என்று பழைய ரசீதை வைத்துக்கொண்டு இருவரும் பாருங்கள். மூன்று நட்சத்திரமா ஐந்து நட்சத்திரமா என்ற கேள்விக்கு அந்த ரசீதுதான் விடை சொல்லும்.

"வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் வட்டித் தொகையைக் கடையோ நிறுவனமோ தள்ளுபடியாகத் தருகிறது. செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மேல் ஜிஎஸ்டியும் நம் தலையில்தான் விழும். முழுத்தொகை கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போகலாம். முழுத்தொகைக்கு என்ன விலை என்று முதலில் கேட்டு, அதன் பிறகு தவணையைப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: உறவினர் கேட்கும் பணம்

புதுக் குடித்தனத்தில் அதிகமாகச் சண்டை மூட்டுவது இதுதான். மாமனாருக்குக் கண் அறுவை, மச்சினனுக்குப் படிப்புச் செலவு, நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் என்று கேட்பு வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பலவும் நியாயமானவை. ஆகவே கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் விவாதிப்பதைவிட, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுங்கள். இரண்டு வீட்டுக்கும் தொகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; ஒரு வீட்டில் ஓய்வூதியம் வரலாம், மற்ற வீட்டில் மழையை நம்பிய இரண்டு ஏக்கர் மட்டும் இருக்கலாம். ஆனால் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யார் வீட்டுக் கேட்புக்கு யார் பதில் சொல்வது என்பதும் முக்கியம். கணவர் வீட்டாருக்குக் கணவரும், மனைவி வீட்டாருக்கு மனைவியும் பதில் சொல்லுங்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நேரம் வாங்குவதில் தவறில்லை. பிறகு திரும்பிப் போய் "அவள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வதுதான் தவறு. அந்த ஒரு சொல்லால் ஒரு மருமகளின் பெயர் பல ஆண்டுகளுக்குக் கெட்டுவிடும். "நாங்கள் இரண்டு பேரும் பேசினோம், பத்தாயிரம் வரை முடியும்" என்று சொல்லிப் பழகுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கவில்லை, கையெழுத்துதானே என்று பலர் இதை வீட்டில் சொல்வதே இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டத் தவறினால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும் நாளில் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணிலும் அது தெரியலாம். தொகை எதுவாக இருந்தாலும் இருவரும் ஒப்புக்கொள்ளாமல் யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்பதை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நகையும் சீட்டும்

திருமணத்தின்போது பெண்ணுக்குப் போட்ட நகையும் அவருக்கு வந்த பரிசுகளும் அவருடைய சீதனம். அது மனைவியின் தனிச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இல் தெளிவாகச் சொன்னது. 2024-இலும் அதை உறுதிப்படுத்தி, நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தினால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்றது. எனவே வீட்டு முன்பணத்துக்கோ தொழிலுக்கோ நகையை அடகு வைக்க நேர்ந்தால், அது மனைவியிடமிருந்து குடும்பம் வாங்கும் கடன் என்றே நோட்டில் எழுதுங்கள்: எத்தனை சவரன், எந்த நாள், எவ்வளவு தொகை, வட்டியை எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது, எந்த மாதம் மீட்பது. அன்பு இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். மீட்கும் தேதி எழுதப்படாத நகை வட்டியிலேயே மூழ்கி ஏலத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

புதிய நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்க வேண்டும். சேமிப்புக்கு வாங்கும் தங்கமும் அணிவதற்கு வாங்கும் நகையும் ஒன்றல்ல என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு கடைக்குப் போனால், வீடு திரும்பும் வழியில் மனத்தாங்கல் வராது.

சீட்டு பதிவு செய்யப்பட்டதாக இருக்கட்டும். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுக்குப் பதிவு கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவர் எடுக்கக்கூடிய கழிவு அதிகபட்சம் 7 சதவீதம். பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் பிடிக்கும் சீட்டில் சேர்வது உங்கள் விருப்பம் என்றாலும், அது உங்கள் துணைக்குத் தெரியாத சீட்டாக இருக்கக் கூடாது.

ஏழாம் படி: வீடோ மனையோ வாங்கும்போது

பத்திரத்தில் யார் பெயர் என்ற கேள்வியைப் பத்திரம் எழுதும் நாளில் கேட்காதீர்கள். மனை பார்க்கத் தொடங்கும் நாளிலேயே கேளுங்கள். கடனுக்கு இருவரும் கையெழுத்திட்டு, பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், மற்றவருக்குக் கடன் மட்டுமே சொந்தம். இருவர் பெயரிலும் பதிந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை வங்கிப் பரிமாற்றம் மூலமாகவே செய்தால் சான்று தானாக நிற்கும். இணை உரிமையாளர்களாகவும் இணைக் கடன்தாரர்களாகவும் இருந்தால், பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய வட்டியில் தத்தம் பங்குக்கு ஏற்ப ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு கோரலாம். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

வரியை மிச்சப்படுத்தலாம் என்று கணவர் தம் பணத்தை மனைவி பெயரில் வைப்பு நிதியாகப் போடுவதுண்டு. கணவன் மனைவிக்குள் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் அதிலிருந்து வரும் வட்டி, கொடுத்தவரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.

எட்டாம் படி: காகிதங்கள்

இதைத் தள்ளிப்போடுவதுதான் பலருடைய இயல்பு. வருங்கால வைப்பு நிதியில் திருமணத்துக்கு முன் கொடுத்த நியமனம், அதாவது நமக்குப் பின் பணத்தைப் பெறுபவர் யார் என்ற பதிவு, திருமணமானதும் செல்லாததாகிவிடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், இருவரும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் வங்கியில் நியமிக்கப்பட்டவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவருடைய தனிச் சொத்து மனைவிக்கு மட்டும் போகாது. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, பிள்ளைகள் என்று அனைவருக்கும் பங்கு உண்டு. இருவரும் இதைத் தெரிந்துகொண்டு, பிறகு உயிலைப் பற்றி யோசியுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து தேவை. பதிவு செய்வது கட்டாயமில்லை.

கணவர் தம் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது, 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் அதை மனைவி, பிள்ளைகள் பெயருக்கு எடுக்கலாம். அப்படி எடுத்த தொகை அவர்களுக்கென்றே ஒதுக்கிப் பாதுகாக்கப்படும் சொத்தாகக் கருதப்படும். பொதுவாகக் கணவரின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். தொழில் செய்யும் கணவர் உள்ள வீட்டில் இதைத் தவறவிட வேண்டாம்.

மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். போன மாதச் செலவைப் பற்றிக் குற்றம் கண்டுபிடிக்க அல்ல. வரப்போகும் மாதத்தில் என்ன வாங்க வேண்டும், யாருக்குச் செய்முறை இருக்கிறது, எந்தத் தவணை முடிகிறது என்று பார்க்க. சோர்ந்திருக்கும் இரவிலும் உறவினர் இருக்கும் வேளையிலும் வேண்டாம். காப்பீட்டுப் பத்திரங்கள், வைப்புச் சீட்டுகள், அடகு ரசீதுகள், பத்திரத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அதன் முதல் பக்கத்தில் வங்கிப் பெயர்களையும் கிளைகளையும் முடிவுத் தேதிகளையும் இருவரில் ஒருவர் சொல்ல, மற்றவர் தம் கையால் எழுதட்டும். அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிக்கும்போது எழுதுபவரும் சொல்பவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.